சிறுவிடைக் கோழிக்கு விதைச்சேவல் காப்போம்



சம்பா நெல் அறுத்துக் களத்துக்கு வந்ததும் முதலில் எதை எடுத்து வைக்கிறீர்கள்? விதை நெல்லைத்தான். பொறுக்குக் கதிராகப் பார்த்து, தனியே அடித்து, காய வைத்து, கோட்டை கட்டி வைப்பது நம் முன்னோர் வழக்கம். வீட்டில் எவ்வளவு முடை வந்தாலும் அதில் கை வைக்கமாட்டார்கள். ஆனால் கோழி விஷயத்தில் நாம் இதற்கு நேர் எதிராக நடந்துகொள்கிறோம். ஆடி மாதம் வந்ததும் மந்தையிலேயே வளர்த்தியான, கம்பீரமான சேவல் எதுவோ அதுதான் அம்மனுக்குப் போகிறது. தீபாவளிக்கு அடுத்த நல்ல சேவலை வியாபாரி பிடித்துப் போகிறார். விலை போகாத நோஞ்சான் ஒன்று கொல்லையில் மிஞ்சுகிறது. அடுத்த ஆண்டுக் குஞ்சுகளுக்கெல்லாம் அதுதான் தகப்பன். விதைநெல்லை விற்றுவிட்டுப் பதரை விதைப்பவர் எவரும் நம்மில் இல்லை. கோழியில் மட்டும் அதை ஆண்டுதோறும் செய்கிறோம்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்டது நம் வீட்டுக் கொல்லையில் திரியும் சிறுவிடைக் கோழியைப் பற்றி. நாட்டுக்கோழி என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். உண்மையில் அது ஒரே இனம் அன்று. நெட்டையாக, நீண்ட காலும் தடித்த கழுத்தும் கொண்டது பெருவிடை. சண்டைச் சேவல் எனப்படும் அசில் வகை அது. திண்டுக்கல் பக்கத்தில் பெரும் விலை கொடுத்து வாங்கும் கிளிமூக்கு, விசிறிவால் சேவல்களும் இந்த அசில் வழியில் வந்தவையே. அவற்றைப் பேணுவதற்குப் பிரியம் உள்ளவர்கள் இருக்கிறார்கள், கண்காட்சிகள் நடக்கின்றன. கழுத்தில் இறகில்லாத கழுத்தறுத்தான் இன்னொரு வகை. இறகு குறைவாக இருப்பதால் உடல் சூடு எளிதில் வெளியேறி வெயிலைத் தாங்கும். பார்வைக்கு அழகில்லை என்பதற்காக அதை ஒதுக்குவது நியாயமில்லை. சிறுவிடை இவற்றிலிருந்து வேறானது. பெட்டை ஒன்றேகால் கிலோவைத் தாண்டுவது அரிது. ஒரு சுற்றுக்குப் பன்னிரண்டு, பதினைந்து முட்டை இடும். உடனே அடைக்கு உட்கார்ந்துவிடும். குஞ்சு பொரித்துத் தானே வளர்த்துவிடும். ஆண்டுக்கு மூன்று அல்லது நான்கு சுற்று. இதற்குக் கண்காட்சி இல்லை, பரிசு இல்லை, பெருமை பேசுவார் இல்லை. ஆகவேதான் இது ஓசையின்றிக் கரைந்துகொண்டிருக்கிறது.

எண்ணிக்கையில் கோழி குறைந்துவிட்டதா என்றால் இல்லை. 2019ஆம் ஆண்டு எடுத்த கால்நடைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் கோழியினங்கள் சுமார் 12 கோடி. நாட்டிலேயே நமக்குத்தான் முதலிடம். ஆனால் அதில் பெரும் பங்கு நாமக்கல் முட்டைக் கோழியும் பல்லடத்துக் கறிக்கோழியும் ஆகும். புறக்கடையில் திரிகிற கோழியிலும் எத்தனை கோழி பழைய வழியில் வந்தது, எத்தனை கலப்பு என்பதைக் கணக்கெடுப்பவர் பார்த்து எழுத இயலாது. அதைக் கொல்லைக்குச் சொந்தக்காரர்தான் அறிவார்.

கலப்பு எப்படி நேர்கிறது?

ஒரு தெருவில் யாரோ ஒருவர் குஞ்சுப் பொரிப்பகத்திலிருந்து வளர்ப்புக் குஞ்சு பத்து வாங்கி விடுகிறார். வனராஜா, கிராமப்பிரியா போன்றவை ஐதராபாத்திலுள்ள கோழி ஆராய்ச்சி இயக்ககம் புறக்கடைக்கென்றே உருவாக்கியவை. மாதவரம் பால்பண்ணைப் பகுதியிலுள்ள கோழியின ஆராய்ச்சி நிலையம் தந்த நந்தனம் கோழிகளும் உள்ளன. இவற்றை நான் குறை சொல்ல வரவில்லை. கூடுதல் முட்டை வேண்டுவோர், கையில் தீவனம் வைத்துப் போடுவோர் தாராளமாக வளர்க்கலாம். நானே பலருக்குச் சிபாரிசு செய்திருக்கிறேன். தொல்லை எங்கே வருகிறதென்றால், முட்டைக்கு வாங்கிய அந்தப் பத்தில் இரண்டு மூன்று சேவலாகிவிடுகின்றன. கனத்த உடம்பு, உயர்ந்த நடை. தெருவிலுள்ள சிறுவிடைச் சேவலை அவை அடித்து விரட்டிவிடுகின்றன. அந்த ஆண்டில் பொரிக்கும் குஞ்சுகளில் பாதி ரத்தம் வெளி ரத்தம். அந்தப் பெட்டைகள் ஆறேழு மாதத்தில் முட்டைக்கு வருகின்றன. மறுபடியும் அதே வகைச் சேவல் சேர்ந்தால் முக்கால் பங்கு வெளி ரத்தம். மூன்றாம் தலைமுறையில் எட்டில் ஏழு பங்கு. கோழிக்கு மூன்று தலைமுறை என்பது நமக்கு மூன்று ஆண்டுகூட இல்லை.

அப்போது என்ன ஆகிறது? வெளிநாட்டு முட்டையினங்களில் அடைகாக்கும் குணத்தைப் பல தலைமுறையாகத் தேடிப் பிடித்துக் கழித்திருக்கிறார்கள். அடைக்கு உட்காரும் கோழி முட்டை இடுவதை நிறுத்திவிடும் அல்லவா? பண்ணையாளருக்கு அது நட்டம். கலப்பு ஏற ஏற அந்தக் குணம் நம் கோழியிலும் மங்குகிறது. கோழி அடையில் பத்து நாள் உட்கார்ந்துவிட்டு எழுந்து போய்விடுகிறது என்று பல தாய்மார்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அடை மறந்த கோழியை வைத்திருப்பவர் ஒவ்வோர் ஆண்டும் குஞ்சு விலைக்கு வாங்கியாக வேண்டும். பருந்தின் நிழலைக் கண்டதும் குரல் கொடுத்துக் குஞ்சுகளைச் சிறகுக்குள் இழுத்துக்கொள்ளும் சுறுசுறுப்பும், குப்பையைக் கிளறிப் பிழைக்கும் சாமர்த்தியமும் அதோடு சேர்ந்து குறைகின்றன.

மாட்டில் ஓர் இனம் குறைந்தால் உறைவிந்து எடுத்து வைக்கலாம், சினைமுட்டையையும் உறைய வைக்கலாம். கோழியில் அது அவ்வளவு எளிதன்று. மஞ்சள்கரு நிறைந்த முட்டையை உறைய வைத்து மறுபடி உயிர்ப்பிக்க வழி இல்லை. ஆகவே கோழி இனத்துக்குக் காப்பறை கொல்லைதான். உயிரோடு நடமாடும் மந்தையாகத்தான் அதைக் காக்க முடியும். அரியானாவில் கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபியல் வள நிறுவனம் நாட்டின் கோழி இனங்களை ஆராய்ந்து பதிவேட்டில் ஏற்றுகிறது. அசில், மத்தியப் பிரதேசத்துக் கடக்நாத், கேரளத்துத் தலச்சேரி, நமக்கு வடக்கே எல்லை தாண்டி ஆந்திரத்துக் காளஹஸ்தி எல்லாம் அதில் இடம் பெற்றவை. இவற்றில் கடக்நாத்துக்கு 2018இல் ஜாபுவா என்ற ஊர்ப் பெயரோடு புவிசார் குறியீடும் கிடைத்தது. பெயர் பரவியதும் கறுப்பாக இருப்பதையெல்லாம் கடக்நாத் என்று விற்கும் வியாபாரமும் வந்துவிட்டது. தோல் மட்டும் கறுத்தால் போதாது. நாக்கும் இறைச்சியும் எலும்பின் மேலுறையும் கறுத்திருப்பதே அதன் அடையாளம்.

நம் நாட்டுக் கோழிக்கு உலகம் பட்ட கடன் சிறிதன்று. இங்கிலாந்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கார்னிஷ் என்ற இனத்தை உருவாக்கியபோது அசில் ரத்தம் சேர்த்தார்கள். இன்று உலகெங்கும் விற்கும் கறிக்கோழியின் அகன்ற நெஞ்சு அந்தக் கார்னிஷ் வழியாக வந்தது. இன்னொன்றும் சொல்கிறேன். கோழியின் மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி என்று படித்திருப்பீர்கள். ஆனால் கோழியின் மஞ்சள் தோலுக்கும் மஞ்சள் காலுக்கும் உரிய மரபணு நம் தென்னிந்தியக் காடுகளில் திரியும் சாம்பல் நிறக் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்பதை 2008இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் கண்டார்கள். கடையில் மஞ்சள் காலுடன் தொங்கும் கோழி எந்த நாட்டு இனமாயினும் அதில் நம் காட்டின் பங்கு இருக்கிறது.

ஒரு தெரு, பதினைந்து வீடு

இனி, காப்பது எப்படி என்று பார்ப்போம். வெளிச்சேவலைத் தடுத்தால் மட்டும் போதுமா என்று கேட்டால், போதாது. ஒரு வீட்டில் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவலை விட்டு, அதன் மகனையே மறு ஆண்டும் விட்டுக்கொண்டிருந்தால் உள்ளினச் சேர்க்கை ஏறும். கணக்கு எளிது. சேவல் எண்ணிக்கையை எட்டால் பெருக்கி அதைக்கொண்டு ஒன்றை வகுங்கள். பெட்டைக்கும் அவ்வாறே செய்து இரண்டையும் கூட்டுங்கள். ஒரு சேவல், பத்துப் பெட்டை என்றால் ஒரே தலைமுறையில் உள்ளினச் சேர்க்கை ஏறத்தாழ 14 விழுக்காடு ஏறுகிறது. கூமுட்டை பெருகும், பொரிப்புக் குறையும், குஞ்சு மெலியும். ‘நாட்டுக்கோழி முன்போல் இல்லை, உருப்படாது’ என்று சொல்லி மக்கள் கலப்பினத்துக்குத் தாவுவதற்கு இதுவும் ஒரு காரணம். குறை இனத்தில் இல்லை. மந்தை சிறுத்ததில்தான் உள்ளது.

இதே கணக்கை 15 சேவல், 75 பெட்டைக்குப் போட்டுப் பாருங்கள். சரியாக ஒரு விழுக்காடு வரும். உலக உணவு வேளாண்மை நிறுவனம் இனப் பாதுகாப்புக்கு உச்ச வரம்பாகக் கொள்வதும் அந்த ஒரு விழுக்காடுதான். பதினைந்து சேவலை ஒரு வீட்டில் வைக்க முடியாது. ஒன்றை ஒன்று கொத்திக் கொன்றுவிடும். ஆனால் பதினைந்து வீட்டில் வீட்டுக்கு ஒரு சேவலும் ஐந்து பெட்டையும் வைப்பது யாருக்கும் பாரமில்லை. இந்தக் காரியம் ஒரு பெரும் பண்ணையாரால் ஆவதைவிட, ஒரு தெருவால் ஆவதே சுலபம் என்பது என் துணிபு.

வீடுகளுக்கு ஒன்று முதல் பதினைந்து வரை எண் கொடுத்துவிடுங்கள். பெட்டைக் குஞ்சு அந்தந்த வீட்டிலேயே தங்கட்டும். ஒவ்வோர் ஆண்டும் தை மாதத்தில் ஒன்றாம் வீட்டில் பிறந்த இளஞ்சேவலில் சிறந்ததை இரண்டாம் வீட்டுக்குக் கொடுங்கள். இரண்டாம் வீட்டுச் சேவல் மூன்றாம் வீட்டுக்கு. பதினைந்தாம் வீட்டுச் சேவல் ஒன்றாம் வீட்டுக்கு வந்து சேரும். இதில் பணம் கைமாற வேண்டியதில்லை. பழைய சேவலை அதன்பின் விற்கலாம், அம்மனுக்கும் கொடுக்கலாம். ஆடியில் வேண்டுதல் உள்ளவர்கள் அதற்கென்று ஓர் இளஞ்சேவலைத் தனியே கால் கட்டி வளர்த்துவிடுங்கள். விதைச்சேவலுக்கு ஆபத்து வராது. நம் தாய்மார்கள் தெருக்கோழியில் தம் கோழியை அடையாளம் காணச் சிறகில் வண்ணத் துணி கட்டுகிறார்கள் அல்லவா, அதே வழக்கத்தைக் கொண்டு வீட்டுக்கு ஒரு நிறம் என்று வைத்துக்கொண்டால் எந்தச் சேவல் எந்த வீட்டில் பிறந்தது என்று குழப்பம் வராது.

எந்தச் சேவலைச் சிறந்தது என்று கொள்வது? எடையைப் பார்த்துத் தேர்ந்தால் பெரிய உடம்பை நோக்கிப் போய்விடுவீர்கள். அது சிறுவிடை ஆகாது. நான் தாயைப் பார்க்கச் சொல்வேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் பழைய நோட்டு ஒன்றில் கோழிவாரியாக எத்தனை முட்டை அடை வைத்தோம், எத்தனை பொரித்தது, எட்டு வாரத்தில் எத்தனை மிஞ்சியது என்று மூன்றே கணக்கு எழுதுங்கள். எட்டு வாரத்துக்கு அதிகக் குஞ்சைக் கரை சேர்த்த தாயின் மகன்தான் விதைச்சேவல். நிறம் எதுவாயினும் சரி. சிறுவிடையில் கறுப்பு, செம்மை, புள்ளி, சாம்பல் எல்லாம் உண்டு. ஒரே நிறத்துக்கு ஆசைப்பட்டு மற்றதைக் கழித்தால் ரத்தத்தில் பாதியைக் கழித்ததாகும். கோணல் அலகு, வளைந்த கால்விரல், மூச்சு இரைச்சல் இவை கண்டால் மட்டும் தயங்காமல் தள்ளிவிடுங்கள். நன்றாக அடைகாக்கிறதா என்று சோதிக்கும் பெட்டையிடமிருந்து குஞ்சுகளைச் சீக்கிரம் பிரித்து விளக்கடியில் வளர்க்க வேண்டாம். விரைவில் மறு முட்டைக்கு வரட்டும் என்று மற்றக் கோழிகளிடம் அப்படிச் செய்யலாம், தடையில்லை.

ஏற்கெனவே கலப்பு ஏறிவிட்ட தெருவாயிற்றே என்று மனம் தளர வேண்டாம். கலப்பு ஏறிய அதே வழியில் இறங்கவும் செய்யும். உள்ளூர்ப் பெட்டைகளுக்குப் பழைய வழிச் சேவலையே மூன்று தலைமுறை விட்டால் எட்டில் ஏழு பங்கு மீண்டுவிடும். அந்தச் சேவல் கிடைக்கும்போதே பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் அவசரம். பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களிலும் ஆரணியாற்றுப் பக்கத்து உட்கிராமங்களிலும் தேடிப் பாருங்கள்.

அடையும் குஞ்சும்

அடைகாப்பதைத் தாய்மார்களுக்கு நான் கற்றுத்தர வேண்டியதில்லை. கூடையில் மணலும் உமியும் இட்டு, மேலே வைக்கோல் பரப்பி, ஓர் இரும்புத் துண்டும் கரியும் போட்டுவைக்கும் வழக்கம் தெரியும். இரும்பால் இடி தாங்குமா என்று கேட்டால் நான் பதில் சொல்லமாட்டேன்; வைப்பதால் கெடுதலும் இல்லை. ஆனால் முட்டை ஏழு நாளுக்கு மேல் பழசாகக் கூடாது. கோடையில் நாலைந்து நாளே போதும். கூர்முனை கீழாக, குளிர்ந்த இடத்தில் வையுங்கள். ஏழாம் நாள் இரவு டார்ச் விளக்கில் பார்த்தால் கரு பிடித்த முட்டையில் சிலந்தி வலைபோல் ரத்த நாளம் தெரியும். தெளிவாக இருப்பதை எடுத்துவிடலாம்.

பன்னிரண்டு முட்டை வைத்தால் ஒன்பது, பத்துப் பொரிப்பது சிறுவிடைக்குச் சாதாரணம். எட்டு வாரத்தில் மிஞ்சுவது நாலு என்றால் மீதி எங்கே போயிற்று? பருந்தும் கீரியும் கொஞ்சம். மழையில் நனைந்து கொஞ்சம். பெரும் பகுதி வெள்ளைக்கழிச்சல். நாலை ஏழாக்கிவிட்டால் கலப்பினம் தரும் லாபத்தைச் சிறுவிடையே தந்துவிடும். முதல் மூன்று வாரம் குஞ்சுகளைப் பகலிலும் பஞ்சாரத்தில் அடையுங்கள். நொய்யும் கம்பு மாவும் தவிடும் கொடுங்கள். கரையான் கொடுத்தால் அதற்கு ஈடு இல்லை. பழைய பானையில் நனைத்த சாக்கு, காய்ந்த சாணம், தென்னை மட்டை இவற்றை அடைத்து, ஈரமான தரையில் மாலையில் கவிழ்த்து வைத்தால் மறுநாள் காலையில் கரையான் திரண்டிருக்கும்.

நம் வட்டாரத்துக்கென்று சில எச்சரிக்கைகள் உண்டு. மீஞ்சூர்ப் பகுதியில் சென்னையின் குடிநீருக்காக 1960களின் இறுதியிலிருந்து நிலத்தடி நீரை மிகுதியாக இறைத்ததால் கடல்நீர் உட்புகுந்ததை அறிவீர்கள். உப்பேறிய கிணற்று நீரைப் பெரிய கோழி ஓரளவு தாங்கும், குஞ்சு தாங்காது. கழிச்சல் கண்டு, வயிறு நீர் கோத்துச் செத்துவிடும். குஞ்சுக்குக் குடிநீர்க் குழாய்த் தண்ணீரே வையுங்கள். பழவேற்காட்டுக் கருவாட்டுத் தூள் நல்ல புரதம்தான். உப்பிட்ட கருவாடானால் நன்றாக அலசிக் காயவைத்த பிறகே சேர்க்க வேண்டும். அதே கழிமுகத்துக் கிளிஞ்சலை இடித்துப் போட்டால் முட்டை ஓடு கெட்டியாகும். கடையில் சுண்ணாம்புச் சத்து மாவு வாங்கத் தேவையில்லை.

இன்னொன்று சாம்பல். அனல்மின் நிலையச் சாம்பல் குட்டைகளுக்கும் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைகளுக்கும் அருகில் வசிப்போர் கவனிக்க வேண்டியது இது. கோழி மண்ணைக் கிளறித் தின்பது. மண்ணில் ஈயம் போன்ற உலோகம் படிந்திருந்தால் அது முட்டைக்கும் வரும். அத்தகைய இடங்களில் தீவனத்தைத் தரையில் இறைக்காமல் தொட்டியில் வையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை கோழி திரியும் இடத்தில் ஏரி வண்டலோ வயல் மண்ணோ கொட்டிப் பரப்புங்கள். ஆலைக் கழிவு மூட்டை, பழைய பெயின்ட் டப்பா, பாட்டரி இவை கிடக்கும் கொல்லையில் கோழி விடவே வேண்டாம்.

தடுப்பூசி

வெள்ளைக்கழிச்சலுக்கு ராணிக்கெட் என்ற பெயர் வந்தது இமயமலை ஊர் ஒன்றால். 1920களின் பிற்பகுதியில் இந்தியாவில் முதலில் அங்கே கண்டறிந்தார்கள். வந்தபின் மருந்தில்லை. குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணிலும் மூக்கிலும் ஒரு சொட்டு, நாலாம் வாரம் லசோட்டா, ஏழாம் வாரம் அம்மை, எட்டாம் வாரம் இறக்கையடியில் ஊசி, இதுவே முறை. மருந்துக் குப்பி பெரும்பாலும் நூறு கோழிக்கு உரியது. கரைத்தால் இரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். எட்டுக் கோழி உள்ளவர் நூறு கோழி மருந்தை உடைப்பாரா? இதனால்தான் பலரும் போடாமல் விட்டுவிடுகிறார்கள். தெருவில் பதினைந்து வீடு சேர்ந்துவிட்டால் ஒரே குப்பியில் ஒரே காலையில் காரியம் முடிந்தது. கூட்டுச் சேர்வதற்கு இதைவிட நல்ல சாக்கு வேறில்லை. பனிக்கட்டி போட்ட பிளாஸ்கில்தான் மருந்தைக் கொண்டுவர வேண்டும். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தீனியோடு கொடுக்கத்தக்க குருணை வடிவத் தடுப்பு மருந்தும் உருவாக்கியுள்ளது. அதுபற்றி உங்கள் கால்நடை மருத்துவரைக் கேளுங்கள். சித்திரை, வைகாசியில் நோய் மிகும். ஆகவே பெரிய கோழிகளுக்கு மாசிக்குள் மறு ஊசி போட்டுவிடுவது உத்தமம்.

சேவல் மாற்றும்போது இரண்டு விஷயம் நினைவிருக்கட்டும். வந்த சேவலைப் பத்துப் பதினைந்து நாள் தனிப் பஞ்சாரத்தில் வைத்து, எச்சம் வெளுக்கிறதா, மூக்கு ஒழுகுகிறதா என்று பார்த்த பிறகே மந்தையில் விட வேண்டும். பழைய சேவலைப் பிடித்த பின்னும் அதன் விந்து பெட்டையின் உடலில் இரண்டு மூன்று வாரம் உயிருடன் இருக்கும். ஆகவே புதுச் சேவல் சேர்ந்து மூன்று வாரம் வரை வரும் முட்டைகளைக் குழம்புக்கு வைத்துக்கொண்டு, அதன்பின் வருவதை மட்டும் அடைக்கு எடுங்கள். தையில் மாற்றினால் மாசி நடுவில் அடை வைக்கலாம். பங்குனியில் குஞ்சு இறங்கும், ஐப்பசி மழைக்கு முன் இளஞ்சேவல்களை இனம் பிரித்துப் பார்க்கும் வயது வந்துவிடும்.